ரூட்டரின் பின்பக்கத்தைப் பார்த்து வாங்குவது எப்படி? தோட்டத்து வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும் ஆலோசனை தேவை

பல்லடம் தறிக்காரன் (கேள்வி)

வணக்கம். பல்லடத்துக்கும் சோமனூருக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டத்தில் எங்கள் வீடு இருக்கிறது. அப்பாரு காலத்து ஓட்டு வீடு. சுவர்கள் ஒன்றரை அடி கனம். வீட்டிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளித் தறிக்குடோனும், அதன் ஒரு மூலையைத் தடுத்துக் கணக்கு எழுதுவதற்காக அமைத்த சிறிய அறையும் உள்ளன. குடோனுக்குத் தகரக் கூரை.

300 எம்பிபிஎஸ் வேகமுள்ள ஃபைபர் இணைப்பு எடுத்திருக்கிறோம். இணைப்புக் கொடுத்தவர்கள் வைத்துவிட்டுப் போன வெள்ளைப் பெட்டியின் பின்பக்கத்தில், பச்சை முனையுடைய மெல்லிய ஒயர் ஒன்று செருகப்பட்டிருக்கிறது. அதையடுத்து நான்கு மஞ்சள் துளைகள், அவற்றைவிடச் சிறிய துளை ஒன்று, யுஎஸ்பி துளை ஒன்று, மின்சாரத்துக்கான வட்டத் துளை, ஊசியால் மட்டுமே அழுத்தக்கூடிய பொத்தான் ஆகியவை இருக்கின்றன. பெட்டியின் அருகில் நின்று கைப்பேசியில் சோதித்தால் வேகம் 290க்கு மேல் காட்டுகிறது. அதே பெட்டியிலிருந்து கேபிள் போட்டு இணைத்த மேசைக் கணினியோ எந்நேரமும் 94, 95 என்றே நிற்கிறது. ஒயரில் வருவது காற்றில் வருவதைவிடக் குறைவாக இருப்பது எப்படி என்று விளங்கவில்லை.

குடோனில் நான்கு கேமராக்களும் அவற்றின் பதிவுப் பெட்டியும் இருக்கின்றன. அங்கேயும் இணையம் வேண்டும். ஆறு ஆன்டெனா உள்ள ரூட்டரை வாங்கி வீட்டில் வைத்தால் குடோன் வரைக்கும் எட்டிவிடும் என்று மச்சான் சொல்கிறார். கடைக்குப் போனால் அட்டைப்பெட்டிகளின் முன்பக்கத்தில் பெரிய பெரிய எண்கள்தாம் கண்ணில் படுகின்றன. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? தறி ஓடும் இடமாதலால் பஞ்சுத் தூசியும், ஏறி இறங்கும் மின்னழுத்தமும் உண்டு என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

நொய்யல்கரை

வணக்கம் அண்ணா. திருப்பூரில் பனியன் நிறுவனங்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் தொழில். 94, 95 என்ற எண்ணே விடையைச் சொல்லிவிடுகிறது. உங்கள் கணினிக்கும் பெட்டிக்கும் இடையிலான ஒயர் இணைப்பு 100 எம்பிபிஎஸ் அளவில்தான் ஏற்பட்டிருக்கிறது. அந்த 100 முழுவதும் நம் தரவுக்குக் கிடைப்பதில்லை. 1460 பைட் தரவை அனுப்புவதற்கு, முகவரிகள், சரிபார்ப்பு எண், அடுத்த பொதி கிளம்பும் முன் விடவேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து, ஒயரில் 1538 பைட்டுக்கான நேரம் செலவாகிறது. வகுத்துப் பார்த்தால் 94.9 வரும். ஆகவே வேகச் சோதனை 95ஐ ஒட்டி அசையாமல் நின்றால் இணைப்பு நிறுவனத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. துளையையும் கேபிளையும் பார்க்க வேண்டும்.

முதலில் துளையைப் பாருங்கள். இணைப்பு நிறுவனங்கள் தரும் பெட்டிகளில் நான்கு துளைகளும் ஒரே நிறமாகவும் ஒரே அளவாகவும் இருந்தாலும், பல மாதிரிகளில் ஒன்று மட்டுமே ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகமுடையது. மற்றவை 100 எம்பிபிஎஸ். துளையின் மேலோ கீழோ பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், ‘ஜிஇ’ என்றிருந்தால் அது ஜிகாபிட். ‘எஃப்இ’ என்றிருந்தால் 100. எழுத்து எதுவும் இல்லாவிட்டால் கேபிளை ஒவ்வொரு துளையாக மாற்றிச் செருகி, இணைப்பு வேகம் எவ்வளவு என்று கணினியின் நெட்வொர்க் அமைப்பில் பார்த்தாலே தெரிந்துவிடும்.

துளை சரியாக இருந்தால் கேபிளுக்கு வாருங்கள். ஆர்ஜே-45 எனப்படும் அந்தத் துளைக்குள் எட்டுப் பொன்முலாம் பூசிய கம்பிகள் வரிசையாக இருக்கும். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு மட்டும் போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலச் சோடியிலோ பழுப்புச் சோடியிலோ ஒரு கம்பி அறுந்திருந்தாலும், கிரிம்ப் செய்யும்போது (கேபிளின் நுனியில் முனையை அழுத்திப் பொருத்தும்போது) அழுத்தம் பிடிக்காமல் போயிருந்தாலும், இரு பக்கமும் பேசிவைத்துக்கொண்டு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். இணையம் ஓடிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஒரே கேபிளின் நான்கு சோடிகளை இரண்டிரண்டாகப் பிரித்து இரண்டு கணினிகளுக்குக் கொடுக்கும் பழைய வழக்கமும் நம் ஊர்ப் பக்கம் இன்னும் இருக்கிறது. அப்படிப் பிரித்த கேபிளில் 100க்கு மேல் எந்நாளும் ஏறாது.

இனி, புதிய ரூட்டர் வாங்குவதைப் பற்றி. அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தில் ஏசி1200 என்று போட்டிருந்தால், 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 என்ற இரண்டு கோட்பாட்டு வேகங்களைக் கூட்டி, முழுமையாக்கி எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். எந்த ஒரு கைப்பேசிக்கும் அந்தக் கூட்டுத்தொகை கிடைக்கப்போவதில்லை. அதைவிட எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். ஏசி1200 என்று விற்கப்படும் ரூட்டர்களில் பலவற்றின் பின்பக்கத்தில் எல்லாத் துளைகளுமே 100 எம்பிபிஎஸ் வகை. உங்கள் 300 எம்பிபிஎஸ் இணைப்பை அதன் வேன் துளையில் (வெளியிலிருந்து இணையம் நுழையும் துளை) செருகினால், வை-ஃபை எவ்வளவு வேகமாக இருந்தாலும் வீட்டுக்குள் நுழைவது 95தான். வாசலைக் குறுக்கிக் கட்டிவிட்டு உள்ளே பெரிய கூடம் அமைத்து என்ன பயன்? எனவே அட்டைப்பெட்டியைத் திருப்பி, வேன் துளையும், வீட்டுக் கருவிகளுக்கான லேன் துளைகளும் 10/100/1000 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 10/100 என்று முடிந்திருந்தால் அந்தப் பெட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

வேன், லேன் துளைகளுக்கு இடையே வடிவத்தில் எந்த வேறுபாடும் இல்லை. வேறுபாடு உள்ளே இருக்கிறது. லேன் துளைகள் எல்லாம் ஒரே சுவிட்சின் (ஒரு வலையைப் பல துளைகளாகப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) கிளைகள். அவற்றில் செருகிய கருவிகள் தமக்குள் நேராகப் பேசிக்கொள்ளும். வேன் துளைக்கும் அவற்றுக்கும் நடுவே, வீட்டுக் கருவிகளின் முகவரியை வெளி இணைய முகவரியாக மாற்றும் வேலையை ரூட்டர் செய்கிறது. வேன் துளைக்குப் பெரும்பாலும் வேறு நிறம் கொடுப்பார்கள். ஆனால் ஒரு நிறுவனம் நீலம் என்றால் இன்னொன்று மஞ்சள் என்னும். இதற்குப் பொதுவிதி இல்லை. எழுத்தைப் படித்துத்தான் செருக வேண்டும்.

உங்கள் வெள்ளைப் பெட்டியே ரூட்டர் வேலையைச் செய்துகொண்டிருப்பதால், இரண்டாவது ரூட்டரை அதன் வேன் துளை வழியாக இணைத்தால் முகவரி மாற்றம் இருமுறை நடக்கும். பொதுவான உலாவலுக்கு இதனால் தொல்லை இல்லை. ஆனால் வீட்டுக் கணினியிலிருந்து குடோன் கேமராவை நேராகப் பார்க்க முயன்றால் சிக்கலாகும். புதிய ரூட்டரின் அமைப்பில் ‘அக்சஸ் பாயின்ட்’ என்ற முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இரண்டும் ஒரே வலையாகிவிடும். குடோனுக்கு வெளிப்புறப் பயன்பாட்டுக்கான கேட் 6 கேபிள் இழுங்கள். ஈதர்நெட் கேபிளின் எல்லை 100 மீட்டர், உங்களுடையது 60. முழுச் செப்புக் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செப்பு பூசியது மலிவு. ஆனால் அதன் மின்தடை அதிகம், கிரிம்ப் செய்யும் இடத்திலும் எளிதில் ஒடியும்.

ஆனைமலை அலைவரிசை

ஆன்டெனாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் அது 6 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆன்டெனாவின் அடிப்படை நீளம் அதில் பாதி. ஆகவே ஒரு சாண் நீளமுள்ள கறுப்புப் பிளாஸ்டிக் குச்சியைப் பிரித்தால், உள்ளே சில சென்டிமீட்டர் நீளமுள்ள செப்புப் பகுதியும் அதற்கு வரும் மெல்லிய ஒயரும் மட்டுமே இருப்பதைப் பல மாதிரிகளில் காணலாம். மீதியெல்லாம் வெறும் உறை.

எண்ணிக்கைக்கு வருவோம். ஆறு ஆன்டெனா என்றால் ஆறு மடங்கு தூரம் என்று பொருளில்லை. ஒரே நேரத்தில் பல தரவு ஓடைகளை அனுப்புவதற்காகவே ஆன்டெனாக்களைப் பெருக்குகிறார்கள். அவற்றிலும் சில 2.4க்கும் சில 5க்கும் என்று பிரிக்கப்பட்டிருக்கும். நம் கைப்பேசிகளில் பொதுவாக இரண்டு ஓடைகள்தாம் உண்டு. எதிர்முனையில் இரண்டே இருக்கும்போது ரூட்டரில் நான்கு இருப்பதால் அலை பிடிப்பது சற்றுச் சீராகலாம், வேகம் இரட்டிப்பாகாது. தவிர, பேச்சு இருவழி. ரூட்டர் உரக்கப் பேசினாலும் கைப்பேசியின் சிறிய குரல் திரும்பி வந்து சேர வேண்டும். ஒன்றரை அடிச் சுவரையும் தகரக் கூரையையும் அது தாண்டப் போவதில்லை. உலோகத் தகடு அலையைத் திருப்பி அனுப்பிவிடும். மச்சானின் ஆறு ஆன்டெனாப் பெட்டி வீட்டுத் திண்ணைக்கு உதவும், குடோனுக்கு உதவாது. நொய்யல்கரை சொன்னபடி ஒயரில் கொண்டுபோய், அங்கே ஒரு சிறிய வை-ஃபை பெட்டியை வைப்பதே வழி.

குச்சி ஆன்டெனாவிலிருந்து அலை எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுவதில்லை. உளுந்து வடையின் ஓட்டையில் அந்தக் குச்சியை நட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். வடை இருக்கும் இடமெல்லாம் அலை உண்டு, ஓட்டையின் நேர்மேலும் நேர்கீழும் மிகக் குறைவு. குச்சியை நேராக நிமிர்த்தி வைத்தால் அலை தரைமட்டத்தில் நான்கு பக்கமும் பரவும். பலர் கைப்பேசி இருக்கும் அறையை நோக்கிக் குச்சியின் நுனியைச் சாய்த்துவைக்கிறார்கள். அந்த அறைக்குத்தான் அப்போது மிகக் குறைவாகக் கிடைக்கும். உங்களுடையது மாடியில்லாத வீடு என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் நேராகவே விட்டுவிடுங்கள். மாடி இருந்தால் ஒன்றை மட்டும் கிடைமட்டமாகச் சாய்க்கலாம்.

வெளியே குச்சியே தெரியாத, உருளை வடிவ ரூட்டர்களும் இருக்கின்றன. அவற்றில் ஆன்டெனாக்கள் உள்சுவரை ஒட்டிப் பதிக்கப்பட்டிருக்கும். அவை குறைந்தவை அல்ல. ஆனால் தயாரித்தவர் வைத்த நிலையிலேயே நிறுத்த வேண்டும், படுக்கவைக்கக் கூடாது.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் ரூட்டரை இரும்பு பீரோவின் மேல் வைப்பது வழக்கமாகிவிட்டது. குழந்தைகள் கை எட்டாது என்பது காரணம். ஆனால் அடியில் அவ்வளவு பெரிய இரும்புத் தகடு இருந்தால் அலையின் பரவல் கெட்டுவிடும். மரப்பலகை அடித்துச் சுவரின் பாதி உயரத்துக்கு மேல் வையுங்கள்.

பெருந்துறை மின்பணி

மற்ற இருவரும் தரவைப் பார்த்தார்கள். நான் அந்த வட்டத் துளையிலிருந்து தொடங்குகிறேன். வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலானவை 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுபவை. சில 9 வோல்ட். அடாப்டரின் மேல் 1 ஆம்பியர், 1.5 ஆம்பியர், 2 ஆம்பியர் என்று ஏதேனும் ஒன்று எழுதியிருக்கும். அடாப்டரை மாற்ற நேர்ந்தால் வோல்ட் அதேயாக இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. ஆம்பியர் குறைந்த அடாப்டரைப் போட்டால் விளக்குகள் எரியும், வை-ஃபை வேலை மிகும்போது பெட்டி தானாக அணைந்து எழும்; ரூட்டர் பழுது என்று முடிவுகட்டித் தூக்கிப்போட்டுவிடுவார்கள். முனையின் வெளிவிட்டம் பெரும்பாலும் 5.5 மில்லிமீட்டர். உள்ளே இருக்கும் ஊசிக்கு 2.1, 2.5 என்று இரண்டு அளவுகள் புழக்கத்தில் உண்டு. 2.1 ஊசிக்கான பெட்டியில் 2.5 முனையைச் செருகினால் நுழையும், ஆனால் தொடர்பு தளர்ந்து விட்டுவிட்டு வரும். நடுவில் நேர்மின் என்று குறிக்கும் வட்டப் படம் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தறிகளை ஒன்றாக ஓட்டத் தொடங்கும்போது மின்னழுத்தம் ஒரு கணம் படுத்து எழும். இன்றைய அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பவை என்பதால் வெறும் இறக்கத்துக்குப் பயப்பட வேண்டாம். மின்தடைக்கு, ரூட்டருக்கென்றே விற்கப்படும் 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் போதும். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்றால் அதிகபட்சம் 12 வாட். அதற்காகப் பெரிய இன்வெர்ட்டரைத் தொட வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் ஃபைபர் பெட்டிக்கும், குடோனில் வை-ஃபை பெட்டிக்கும் தனித்தனியே வேண்டும். ஒன்று அணைந்தாலும் குடோனுக்கு இணையம் இல்லை.

பஞ்சுத் தூசி உண்மையிலேயே பெரிய தொல்லை. ரூட்டரின் அடியிலும் பக்கங்களிலும் இருக்கும் வரிவரியான துளைகள் அழகுக்கானவை அல்ல. உள்ளே விசிறி கிடையாது. சூடான காற்று மேலே எழ, அடியிலிருந்து குளிர்ந்த காற்று நுழைவதே அதன் குளிரூட்டல். தறியருகே வைத்தால் அந்தத் துளைகளில் பஞ்சு கம்பளம்போல் படர்ந்து காற்றை அடைத்துவிடும். வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் 40 டிகிரி செல்சியஸ் வரையான சூழலுக்கே வடிவமைக்கப்பட்டவை. சித்திரை மாதத்தில் தகரக் கூரைக்கு நேர்கீழே அந்த அளவு தாண்டிவிடும். ஆகவே பெட்டியைத் தறி ஓடும் பகுதியில் வைக்காமல், தடுத்த கணக்கு அறையில், கூரையிலிருந்து இறக்கி, கேபிள் செருகும் துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி சுவரில் மாட்டுங்கள். பின்பக்கத்தில் திறவுகோல் துளை வடிவில் இரண்டு குழிவுகள் இருந்தால் அதற்காகவே கொடுத்திருக்கிறார்கள். அவை மேல்நோக்கி இருந்தால் பயன்படுத்தாத ஆர்ஜே-45 துளைக்குள் பஞ்சு இறங்கித் தங்கும். ரப்பர் மூடி போட்டாலும் நல்லது. துணி போர்த்தி மூடாதீர்கள். தூசிக்குப் பயந்து பலர் செய்யும் இந்தக் காரியம் தூசியைவிடக் கெடுதல்.

நொய்யல்கரை தம்பி சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செப்புக் கேபிள் வேண்டாம். கோடை மழை இடியோடு வரும் ஊர் நம்முடையது. மின்னல் நேராக விழ வேண்டியதில்லை. அருகே எங்கோ விழுந்தாலே 60 மீட்டர் ஒயரில் தூண்டப்படும் மின்னழுத்தம் இரு முனைகளிலுமுள்ள துளைகளை எரித்துவிடும். இதற்குமேல், வீட்டின் எர்த்தும் குடோனின் எர்த்தும் வேறு வேறாக இருக்கும். அந்தத் தூரத்துக்கு ஃபைபர் இழுத்து, இரு முனைகளிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரின் ஒளியையும் ஈதர்நெட் மின்குறியையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் பெட்டி) வைத்தால் கண்ணாடியில் மின்சாரம் பாய வழியில்லை. தாங்கு கம்பியாக இரும்பு வைத்த ஃபைபர் கேபிளைத் தவிர்த்து, உலோகமே இல்லாத வகையைக் கேளுங்கள்.

நொய்யல்கரை

பெருந்துறை அண்ணன் சொல்வது மின்னலைப் பொறுத்தவரை சரி, மறுக்கவில்லை. எர்த் வேறுபாட்டைப் பொறுத்தவரை ஒரு திருத்தம். ஈதர்நெட் துளை ஒவ்வொன்றின் பின்னாலும் சிறு மின்மாற்றி இருக்கிறது. 1500 வோல்ட் வரை தாங்கும் மின்பிரிப்பு ஈதர்நெட் தரநிலையிலேயே கட்டாயம். எனவே உலோக உறையில்லாத சாதாரணக் கேபிளில் எர்த் வேறுபாடு தொல்லை தராது. உறையிட்ட கேபிளை இரு முனையிலும் எர்த்தோடு சேர்க்கும்போதுதான் அந்தச் சிக்கல் எழுகிறது. தோட்டத்தில் தென்னை மரங்களுக்கு நடுவே தூக்கிக் கட்டுவதானால் ஃபைபர் என்பதை ஏற்கிறேன். செப்புத்தான் என்று முடிவானால், மண்ணில் குழாய் பதித்து, மோட்டாருக்குப் போகும் மும்முனை ஒயரிலிருந்து விலக்கிக் கொண்டுபோங்கள்.

பல்லடம் தறிக்காரன்

அனைவருக்கும் நன்றி. பெட்டியைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தோம். முதல் துளைக்கு மட்டும் ‘ஜிஇ’ என்றிருக்கிறது. மற்ற மூன்றும் ‘எஃப்இ’. கணினி மூன்றாவதில் இருந்தது. மாற்றிச் செருகியதும் 280ஐத் தாண்டிவிட்டது. ஃபைபர் இழுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம்.

இன்னும் சில ஐயங்கள். அந்தச் சிறிய துளை எதற்கு? யுஎஸ்பி துளையில் கேமராப் பதிவுப் பெட்டியை இணைக்க முடியுமா? ஊசிப் பொத்தானை வாரம் ஒருமுறை அழுத்தினால் வேகம் கூடும் என்று பக்கத்துத் தோட்டத்தில் சொன்னார்கள், உண்மைதானா? பதிவுப் பெட்டியின் பின்னால் நான்கு துளைகள் வரிசையாகவும் ஒன்று தனியாகவும் உள்ளன. வீட்டு வலையை எதில் செருகுவது?

அவிநாசி சாலை

சிறிய துளை தொலைபேசிக்கானது. இணைப்பு நிறுவனம் குரல் சேவையும் கொடுத்திருந்தால் பழைய மேசைத் தொலைபேசியை அதில் மாட்டிப் பேசலாம். ஈதர்நெட் முனை அதற்குள் நுழையாது. ஆனால் தொலைபேசி முனை பெரிய ஈதர்நெட் துளைக்குள் நுழைந்துவிடும். அதன் பிளாஸ்டிக் ஓரங்கள் இரு கோடியிலுமுள்ள கம்பிகளை வளைத்துவிடக்கூடும். அப்படி 8ஆம் கம்பி வளைந்து தொடர்பு விட்டால் ஜிகாபிட் வராது, 1ஆம் கம்பி விட்டால் 100 எம்பிபிஎஸ்கூட வராமல் போகலாம். மேலே சொன்ன எட்டுக் கம்பிக் கணக்குத்தான் காரணம்.

யுஎஸ்பி துளையில் பதிவுப் பெட்டியை இணைக்க முடியாது. பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க், சில மாதிரிகளில் பிரிண்டர் ஆகியவற்றை வீட்டிலுள்ள எல்லோரும் பகிர்ந்துகொள்வதற்காக அதை வைத்திருக்கிறார்கள். துளையின் உள்நாக்கு நீலமாக இருந்தால் பெரும்பாலும் அது யுஎஸ்பி 3 வகை. அந்த வகையில் தரவு ஓடும்போது எழும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலேயே விழுகிறது. ஹார்ட் டிஸ்க்கை மாட்டியதும் பழைய கைப்பேசிகளின் வை-ஃபை தடுமாறினால் இதைச் சந்தேகிக்கலாம். டிஸ்க்கை நல்ல உறையுள்ள நீண்ட ஒயரில் ஆன்டெனாவிலிருந்து தள்ளி வைத்தால் குறையும்.

ஊசிப் பொத்தானை அழுத்தவே அழுத்தாதீர்கள். அது வேகத்தைக் கூட்டுவதற்கானது அன்று. சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் பெட்டியிலுள்ள எல்லா அமைப்புகளையும் அழித்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோய்விடும். கடையில் வாங்கிய ரூட்டராக இருந்தால் நாமே மறுபடி அமைத்துக்கொள்ளலாம். இணைப்பு நிறுவனத்தின் பெட்டியிலோ அவர்கள் பதித்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போய்விடலாம். பிறகு அவர்களுடைய ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பெட்டி மந்தமானால் மின்சாரத்தை நிறுத்தி, கால் நிமிடம் கழித்துப் போட்டாலே போதும். சில ரூட்டர்களில் டபிள்யூபிஎஸ் பொத்தானும் ரீசெட்டும் ஒன்றே. தொட்டு விட்டால் புதிய கருவியை இணைக்கும். அழுத்திப் பிடித்தால் அனைத்தையும் அழிக்கும். இப்படி ஒன்றாக்கியவர்களின் சிக்கனத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

டபிள்யூபிஎஸ் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில், கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கொடுத்து வலையில் இணைவதற்கான எட்டு இலக்க டபிள்யூபிஎஸ் எண் ஒன்று இருக்கலாம். எட்டு இலக்கம் என்றதும் பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் அதை இரண்டு பாதிகளாகப் பிரித்துச் சரிபார்க்கும் வடிவமைப்புக் குறையால் 11,000 முயற்சிகளுக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011இலேயே வெளியாகிவிட்டது. குடோனுக்கு வெளியாட்கள் வந்துபோவார்கள் என்பதால், ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். அதே தாளில் வை-ஃபை பெயரும் முதல் கடவுச்சொல்லும் அச்சாகியிருக்கும்; சுவரில் மாட்டும்போது அந்தப் பக்கம் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

பெருந்துறை மின்பணி

ஃபைபர் இழுப்பதாகச் சொன்னதால் இதையும் சேர்த்துவிடுகிறேன். உங்கள் பெட்டியிலுள்ள பச்சை முனையின் கண்ணாடி 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது. மீடியா கன்வெர்ட்டர்களில் பொதுவாக நீல முனைதான் வரும், அது சாய்வில்லாதது. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும். ஆனால் முகங்கள் பொருந்தாமல் ஒளி இழப்பு ஏற்படும், முனையும் கீறிப்போகலாம். குடோன் கேபிளுக்கு இரு பக்கமும் நீலமாகவே போடச் சொல்லுங்கள். வீட்டுப் பெட்டியில் வரும் பச்சை ஒயரைக் கழற்றவே தேவையில்லை. வீட்டு மீடியா கன்வெர்ட்டரை லேன் துளையிலிருந்து சிறிய கேபிளால் இணைத்தால் போதும். கழற்ற நேர்ந்தால் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி அகச்சிவப்பு. எரிகிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. சுற்றி வைக்கும்போது கூர்மையாக மடிக்கவும் கூடாது. மடங்கினால், ஒளி வந்து சேரவில்லை என்பதைக் காட்டும் ‘லாஸ்’ விளக்கு பெட்டியில் சிவப்பாக மின்னும்.

நொய்யல்கரை

ஜிகாபிட் துளை ஒன்றே இருப்பதால், அதில் 5 துளையுள்ள ஜிகாபிட் சுவிட்ச் ஒன்றை மாட்டி, அதிலிருந்து கணினிக்கும் மீடியா கன்வெர்ட்டருக்கும் பிரியுங்கள். மீடியா கன்வெர்ட்டரும் ஜிகாபிட்டா என்று கேட்டு வாங்குங்கள். 100 எம்பிபிஎஸ் வகையும் அதே உருவத்தில் விற்கப்படுகிறது.

பதிவுப் பெட்டியில் வரிசையாக இருக்கும் நான்கும், ‘பிஓஇ’ என்று எழுதியிருந்தால், கேமராக்களுக்குத் தரவோடு மின்சாரமும் அனுப்பும் துளைகள். தனியாக இருக்கும் ஒன்றுதான் வீட்டு வலைக்கானது. குடோன் ரூட்டரின் லேன் துளையிலிருந்து அந்தத் தனித் துளைக்கு ஒரு கேபிள் போதும். தரநிலைப்படி அமைந்த பிஓஇ, எதிர்முனையில் இருப்பது மின்சாரம் ஏற்கும் கருவிதானா என்று முதலில் மிகச் சிறிய மின்னழுத்தத்தால் சோதித்துப் பார்த்து, பிறகே 48 வோல்ட் அளவுக்கு மின்சாரம் கொடுக்கும். ஆகவே தவறுதலாக ரூட்டரை அதில் செருகினாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கேமராவோடு தனியாக வரும் மலிவான இன்ஜெக்டர்களில் சில அப்படிக் கேட்பதில்லை. எதிரே எது இருந்தாலும் மின்சாரத்தைத் தள்ளிவிடும். உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால், அதில் ‘பிஓஇ’ என்று எழுதிய துளை கேமராவுக்கு, ‘லேன்’ என்று எழுதிய துளை ரூட்டருக்கு என்று ஸ்கெட்ச் பேனாவால் கேபிளின் இரு முனையிலும் குறித்துவிட்டு அதன்பிறகு செருகுங்கள்.